அரைச் சுற்று

"ஒரே ஒரு நட்டு. அரைச் சுத்து இறுக்கினா நின்னுக்கும்."

இது என்னிடம் சொன்னது இல்லை அக்கா. யாரோ ஒருவருக்கு, அவருடைய வண்டிக்குச் சொன்னது. நான் பக்கத்து மருந்துக்கடையில் அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்க நின்றிருந்தேன். கடைக்கும் போஜன் அண்ணன் ஒர்க்‌ஷாப்புக்கும் நடுவில் ஒரு தகரம்தான். அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கும். "சோக் நிக்கவே மாட்டேங்குதுண்ணா, கையிலயே புடிச்சிட்டு நிக்க வேண்டியிருக்கு" என்று ஒருத்தர் சொன்னார். அதற்குத்தான் போஜன் அண்ணன் அப்படிச் சொன்னார். ஒரே ஒரு நட்டு, அரைச் சுற்று.

நான் மாத்திரையை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இருங்கள், நீங்கள் கேட்டதற்குத்தான் வருகிறேன். இந்த ஹாஸ்டல் மொட்டைமாடியில் எல்லாரும் கிளிப் போட்டுத் துணி காயப்போடும்போது நீ மட்டும் ஏன் முறுக்குக் கயிற்றில் செருகுகிறாய் என்று கேட்டீர்கள். உங்கள் டப்பாவிலிருந்து நாலு கிளிப் எடுத்து நீட்டினீர்கள். நான் வாங்கவில்லை. திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பீர்கள். ஒரே அறையில் ஒரு மாதமாக இருக்கிறோம், உங்களிடம் மொத்தமாக இருபது வார்த்தை பேசியிருப்பேனா? எனக்குப் பேச வராது அக்கா. காலேஜிலும் அப்படித்தான். மூன்று வருஷம் பக்கத்தில் உட்கார்ந்த பெண், கடைசி நாளில் "உன் குரலே மறந்துருச்சு சுகந்தி" என்றாள்.

வீட்டிலும் நான் பேசியது அப்பாவிடம் மட்டும்தான். அதுவும் நான் பேசியது என்று சொல்ல முடியாது. அவர் பேசுவார், நான் குந்தி உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் ஊர் கோத்தகிரிக்கு மேலே. அப்பா ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர். மேட்டில் இருக்கிற தொட்டிக்குப் போய், ஒவ்வொரு தெருவுக்கும் ஒவ்வொரு வால்வாகத் திறந்து மூட வேண்டும். ஆறு மணிக்கு முதல் தெரு. ஐந்து நிமிஷம் தாமதமானாலும் குழாயடியில் பேச்சு ஆரம்பித்துவிடும். "கனகராசு இன்னும் கம்பளிக்குள்ள இருக்கறாப்ல" என்பார்கள். அதனால் ஐந்தரைக்கு வண்டி கிளம்பியாக வேண்டும். ஜனவரியில் எங்கள் ஊரில் ஐந்தரை மணி என்றால் எப்படி இருக்கும் தெரியுமா? குழாயைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும்.

அந்த வண்டி எனக்கு ஒரு வயது மூத்தது. அதில் சோக் கைப்பிடியில் இல்லை. பெட்ரோல் டேங்குக்குக் கீழே, இடது பக்கம், கறுப்பாக ஒரு குமிழ். அதை இழுத்தால் உள்ளே ஒரு கேபிள் இழுபடும், எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போகும். குளிரில் அப்படிச் செய்தால்தான் வண்டி உயிர் பிடிக்கும். இழுத்த இடத்தில் குமிழ் நிற்க வேண்டும். எங்கள் வண்டியில் நிற்காது. கையை எடுத்தால் உடனே உள்ளே போய்விடும், எஞ்சினும் அணைந்துவிடும். எஞ்சின் சூடாகிற வரைக்கும், இரண்டு மூன்று நிமிஷம், யாராவது பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

யாராவது என்றால் நான்தான். எட்டாம் வகுப்பிலிருந்து.

வண்டி நிற்பது வீட்டுச் சுவரை ஒட்டி. சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் குந்துகிற இடம். நான் அதில் போய்க் குந்துவேன். அப்பா அந்தப் பக்கம் நின்று, சென்டர் ஸ்டாண்டில் வைத்தபடியே உதைப்பார். வண்டி மேல் ஏறி உதைக்க மாட்டார். அவருக்கு நெஞ்சில் கொஞ்சம் கோளாறு, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கனம் தூக்கக் கூடாது, மேடு ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் மேடு ஏறாமல் எங்கே போவது?

"புடிச்சுக்கிட்டயா அம்மிணி?"

"புடிச்சாச்சுங்கப்பா."

மூன்று உதை, இல்லாவிட்டால் நாலு. வண்டி கிளம்பும். அப்புறம் அந்த இரண்டு நிமிஷம் அப்பா பேசுவார். கீழத் தெரு வால்வு கசிகிறது, பேங்க் மேனேஜர் வீட்டு நாய் இப்போது குரைப்பதில்லை, நேற்று தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு காட்டெருமை வந்து நின்று என்னையே பார்த்தது, மேலதிகாரி மாதிரி. இப்படி. எஞ்சின் சத்தத்தில் எனக்குப் பாதிதான் கேட்கும். "ம்" என்பேன். அதுவும் அவருக்குக் கேட்டிருக்காது. கடைசியில், "விட்ரலாம் அம்மிணி, மெல்ல" என்பார். நான் மெல்ல விடுவேன். "விட்டுட்டேனுங்கப்பா" என்பேன். அவர் ஸ்டாண்டிலிருந்து இறக்கிக்கொண்டு போய்விடுவார்.

ஏழு வருஷம் அக்கா. பரீட்சை நாளிலும், காய்ச்சல் நாளிலும். "போஜண்ணன்கிட்ட குடுத்துச் சரி பண்ணுங்கப்பா" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "பாக்கலாம்" என்பார். ஊருக்கெல்லாம் வால்வு சரிசெய்கிற மனுஷன், தன் வண்டியில் ஒரு சோக்கைச் சரிசெய்யவில்லை. சோம்பேறித்தனம். வேறென்ன?

பிறகு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் வீட்டுக் கொடியில் நீல நிறத்தில் பன்னிரண்டு பிளாஸ்டிக் கிளிப் இருந்தது. அம்மா சந்தையில் ஒரு அட்டையாக வாங்கியது. ஒரு நாள் குளிர் தாங்காமல், குமிழை இழுத்து, அதன் கம்பியில் ஒரு கிளிப்பை மாட்டினேன். நின்றது. கிளிப் தடுத்துக்கொண்டதால் குமிழ் உள்ளே போக முடியவில்லை. நான் சத்தமில்லாமல் எழுந்து பின்வாசல் வழியாகச் சமையலறைக்குப் போய் அடுப்பில் கை காட்டினேன்.

சமையலறை ஜன்னல் வண்டிக்கு நேர் மேலே. பனியும் இருட்டும். டேங்குக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்கு, குந்தியிருப்பவள் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாது. "விட்ரலாம் அம்மிணி" என்று கேட்டதும் ஓடிப்போய்க் கிளிப்பை எடுத்துவிட்டு, "விட்டுட்டேனுங்கப்பா" என்றேன். அவர் போய்விட்டார். எனக்கு ஒரே சிரிப்பு. கெமிஸ்ட்ரி படித்ததற்கு இதையாவது கண்டுபிடித்தேனே என்று.

அப்படி ஆறு நாள். ஆறு நாளும் அப்பா கிளிப்போடு பேசிக்கொண்டிருந்தார்.

கொடியில் உங்கள் தலையணை உறை நழுவுகிறது பாருங்கள் அக்கா. நான் எடுக்கிறேன். இருங்கள்.

ஏழாம் நாள். இப்போது பார்க்கிற இந்த வேலைக்கு என்னை எடுத்துக்கொண்டதாக முந்தின நாள் சாயங்காலம் மெயில் வந்திருந்தது. அதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. பால் அடுப்பில் இருந்தது. நான் ஜன்னலோரம் நின்று போனில் அந்த மெயிலையே பத்தாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தேன். வெளியே அப்பா என்னவோ பேசிக்கொண்டிருந்தார். "அடுத்த வாரம்" என்று ஆரம்பித்தது மட்டும் கேட்டது. அடுத்த வாரம் என்ன என்று தெரியாது. அப்போதுதான் பால் பொங்கியது.

"விட்ரலாம் அம்மிணி, மெல்ல."

நான் துணியால் பால் சட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இறக்கிவிட்டுப் போய் எடுத்துவிடலாம் என்று நினைத்து, ஜன்னல் பக்கம் திரும்பி, "விட்டுட்டேனுங்கப்பா" என்றேன்.

சட்டியை இறக்கி, மேடையில் வழிந்ததைத் துடைத்துவிட்டு வெளியே போனபோது வண்டி இல்லை.

சோக் போட்டபடியே வண்டி கொஞ்ச தூரம் ஓடும் அக்கா. சூடேறியதும் மூச்சு முட்டும். பிளக் பெட்ரோலில் நனைந்து கறுத்து, நின்றுவிடும். பிறகு எவ்வளவு உதைத்தாலும் கிளம்பாது. இதெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு, 'கிளிப்பைப் பார்த்தால் அப்பா சாயங்காலம் திட்டுவார்' என்று மட்டும்தான் நினைத்தேன். என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்தேன்.

அன்றைக்கு ஊரில் எந்தத் தெருவிலும் தண்ணீர் வரவில்லை.

சர்ச் வளைவில் வண்டி நின்றிருக்கிறது. அங்கிருந்து தொட்டிக்கு முக்கால் கிலோமீட்டர், முழுக்க மேடு. யாரையாவது கூப்பிட்டிருக்கலாம், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்திருக்கலாம். அப்பா தள்ளிக்கொண்டு ஏறியிருக்கிறார். பால் வேன் ஓட்டுகிறவர்தான் பார்த்தது. வண்டி ஓரமாக ஸ்டாண்ட் போட்டு நின்றதாம். அப்பா பாலத்துக் கட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். தூங்குகிறார் என்று நினைத்து, "என்னண்ணா, தண்ணி விடலீங்களா?" என்று கேட்டாராம்.

ஆஸ்பத்திரியில் அவருடைய சாமான்களை ஒரு பாலிதீன் பையில் போட்டு அம்மாவிடம் கொடுத்தார்கள். வாட்ச், கண்ணாடி, வால்வுச் சாவி, சட்டைப் பையில் இருந்தவை. அம்மா பைக்குள் கையைவிட்டாள். விட்ட கையை ரொம்ப நேரம் வெளியே எடுக்கவில்லை. பிறகு பையை முடிந்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் வாட்சையாவது பார்க்கலாம் என்று கையை நீட்டினேன். "வேண்டாம், உடு" என்றாள். வீட்டுக்கு வந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். அவருடைய கண்ணாடியை ஒரு தடவை தொட்டுப் பார்க்கக்கூட எனக்குக் கொடுக்கவில்லை அக்கா. நான் அவருக்கு ஒரே பெண்.

வண்டியை யாரோ வேனில் ஏற்றிக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே நிறுத்தினார்கள். கூட்டம் இருக்கும்போதே நான் சுவர் இடுக்கில் போய்க் குந்திப் பார்த்தேன். குமிழ் உள்ளே போயிருந்தது. கிளிப்பைக் காணோம். எங்கேயோ ரோட்டில் தெறித்து விழுந்திருக்கும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காரியம் முடிந்த மறுநாளிலிருந்து, கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வீட்டிலிருந்து சர்ச் வளைவு வரைக்கும் ஓரமாகவே தேடிக்கொண்டு போனேன். ஐந்து நாள் போனேன். பாட்டில் மூடி, ஒரு குழந்தைச் செருப்பு, ஷாம்பு பாக்கெட். நீலமாக எதைப் பார்த்தாலும் குனிந்தேன். யார் கையிலாவது அது கிடைத்து, இது யார் வீட்டுக் கிளிப் என்று கேட்டுவிட்டால்?

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து நாளும் கோயிலுக்குப் போகிறவள் ஏன் திருநீறு இல்லாமல் வருகிறாள் என்றுகூடக் கேட்கவில்லை. அம்மாவுக்கு அதையெல்லாம் கவனிக்கிற பழக்கம் கிடையாது.

பதினாறாம் நாள் சாவித்திரி அத்தை அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவுக்கு அக்கா.

"ஏன் லோகு, நல்லா ஓடிட்டிருந்த வண்டி எப்படி நடுரோட்டுல நிக்கும்? எந்தம்பி வண்டியை அப்படி வெச்சுக்க மாட்டானே?"

கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். நான் காபி டம்ளர் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. அம்மா என் பக்கம் பார்த்தாள். தட்டைக் கீழே வை என்கிற மாதிரி. பிறகு அத்தையிடம் சொன்னாள்.

"பெட்ரோல் தீந்திருக்குங்க அண்ணி. மொத நாளே போடச் சொல்லோணும்னு இருந்தேன். மறந்துபோட்டேன்."

"மறந்துபோட்டயா?"

"ஆமாங்க. எந்தப்புதான்."

முந்தின நாள் சாயங்காலம்தான் அப்பா பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் நின்று, "ரெண்டு லிட்டர் ஊத்தியாச்சு, ஒரு வாரத்துக்குக் கவலையில்லை" என்று சொன்னது அம்மாவிடம்தான். துக்கத்தில் அவளுக்கு அது மறந்துவிட்டது. அம்மா எப்போதும் இப்படித்தான். யாராவது அழுத்திக் கேட்டால், வாய்க்கு வந்ததைச் சொல்லி முடித்துவிடுவாள்.

அத்தை விடவில்லை. "புருசன் வண்டியில பெட்ரோல் இருக்குதான்னு பாக்கறதுக்குக்கூட ஆகல. வேற என்னத்த கிழிச்ச?" என்றாள். போகிற வருகிற சொந்தமெல்லாம் அதையே சொன்னது. அம்மா தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டாள்.

நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும். தெரியும் அக்கா. ஒவ்வொரு நாளும் சொல்லத்தான் போனேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருப்பாள். "அம்மா" என்பேன். "என்ன?" என்பாள். "ஒண்ணுமில்ல" என்பேன். அவளும், "சரி, போய்ச் சாப்புடு" என்பாள். ஒரு தடவைகூட, "என்னவோ சொல்ல வந்தயே" என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் கொடியில் மீதி இருந்த பதினோரு கிளிப்பையும் அம்மா கழற்றிவிட்டாள். எங்கே போட்டாளோ தெரியாது. கொடியையும் மாற்றினாள். இரண்டு கயிற்றை முறுக்கி இழுத்துக் கட்டி, துணியின் முனையை முறுக்கு இடுக்கில் செருகச் சொன்னாள். "கிளிப் எங்கம்மா?" என்று கேட்டேன். "வெயில்ல ஒடைஞ்சு போவுது, எதுக்கு அது" என்றாள். எங்கள் ஊரில் வெயில்! அப்போதிலிருந்து எனக்கும் அப்படிச் செருகியே பழகிவிட்டது.

அடுத்து வண்டியை விற்கப்போகிறேன் என்றாள். அப்பா போய் இரண்டு மாதம் ஆகவில்லை. எனக்கு வந்த கோபம்! அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக அம்மாவிடம் கத்தினேன். "உங்களுக்கு ஒண்ணுமே இல்லையாம்மா? கல்லா நீங்க?" என்று கேட்டேன். "நின்னுட்டே இருந்தா துரு ஏறிப்போயிரும்" என்றாள். அவ்வளவுதான் பதில். நான் தினமும் விடியற்காலையில் எழுந்து அந்தச் சுவர் இடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தேன், அதுதான் எனக்கு இருந்த ஒரே இடம். அது அவளுக்கு எங்கே தெரியப்போகிறது?

அந்தச் சமயத்தில்தான் மருந்துக்கடையில் அது காதில் விழுந்தது. ஒரே ஒரு நட்டு.

வீட்டுக்கு வந்து அப்பாவின் ஸ்பேனர் பையை எடுத்தேன். குமிழுக்குப் பின்னால் ஒரு ரப்பர் மூடி. ஏழு வருஷம் அந்தக் குமிழைப் பிடித்திருக்கிறேன், அந்த மூடியைப் பிதுக்கிப் பார்த்ததில்லை. உள்ளே ஒரு நட்டு. அரைச் சுற்றுகூட இல்லை, அதற்கும் குறைவு. இறுக்கினேன். குமிழை இழுத்தேன்.

நின்றது.

கையை எடுத்தேன். நின்றது. உள்ளே தள்ளி மறுபடி இழுத்தேன். நின்றது. சாயங்காலம் வரைக்கும் அதையே செய்துகொண்டிருந்தேன் அக்கா. ஒவ்வொரு தடவையும் நின்றது.

மறுநாள் போஜன் அண்ணனிடம் போனேன். நானாகப் போய் ஒரு ஆளிடம் பேசினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். "இது இவ்வளவு சின்ன வேலைன்னு அப்பாகிட்ட நீங்க ஏன் சொல்லல?" என்று கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சொல்லாம என்ன பாப்பா? நீ பத்தாவது படிக்கறப்பவே சொன்னேன். ஸ்பேனரைக்கூடக் கையில எடுத்துட்டேன். அவருதான், இருக்கட்டும் போஜா, பாப்பா புடிச்சுக்குதுன்னாரு."

பார்த்தீர்களா? நான் சொன்னேனே, சோம்பேறித்தனம் என்று. ஸ்பேனர் எடுத்த கையைத் தடுக்கிற அளவுக்கு. அன்றைக்கு அவர் சரியென்று சொல்லியிருந்தால் இதெல்லாம் நடந்தே இருக்காது. அதைத்தான் நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அந்த நட்டைத் திரும்ப அரைச் சுற்று தளர்த்திவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

வண்டியைக் கேட்டு வந்தவர் பெலவேந்திரன் என்று ஒருத்தர், கட்டபெட்டுப் பக்கம் கேரட் போடுகிறவர். நல்ல மனுஷன். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்து, அப்பா போட்டோவைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றார். "அண்ணன் திறந்துவிட்ட தண்ணியில நானும் குளிச்சிருக்கேங்க, ஸ்கூல் படிக்கறப்ப" என்றார். அன்றைக்கு எப்போதாவது வருகிற வெயில் வந்திருந்தது, ஆனால் காற்று. நான் துவைத்த துணிகளைக் கொடியில் செருகிக்கொண்டிருந்தேன்.

அவர் சாவியைப் போட்டு உதைத்தார். கிளம்பவில்லை. குனிந்து சோக்கை இழுத்துவிட்டு வந்து உதைத்தார். குமிழ் உள்ளே போய்விட்டது. மறுபடி இழுத்தார். மறுபடி போய்விட்டது.

"சோக் நிக்கலையே. யாராச்சும் கொஞ்சம் புடிக்கறீங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

கையில் துப்பட்டாவை வைத்துக்கொண்டு கொடிக்கடியிலேயே நின்றேன். அவர் மறுபடியும், "தங்கச்சி" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, மாட்டேன் என்றா, எனக்கே தெரியாது.

அம்மா வெளியே வந்தாள். அதுவரைக்கும் அம்மா அந்த வண்டியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. பின்னால் உட்கார்ந்து போவாள், அவ்வளவுதான். புடவையைச் செருகிக்கொண்டு, சுவர் இடுக்கில், நான் குந்துகிற இடத்தில் போய்க் குந்தினாள். தேடவில்லை. நேராகக் கையை வைத்துக் குமிழை இழுத்துப் பிடித்தாள்.

"ஒதைங்க தம்பி."

நாலாவது உதையில் கிளம்பியது. அம்மா விடவில்லை. அவர், "போதுங்க, விட்ரலாம்" என்று சொன்ன பிறகும், எஞ்சின் சத்தம் சமமாகிற வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல விட்டாள். இரண்டு கையையும் தூக்கிக் காட்டி, "விட்டாச்சு, பாத்துக்கங்க" என்றாள். அவர் சுற்றி வந்து குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏறினார்.

வண்டிச் சத்தம் சர்ச் வளைவு தாண்டுகிற வரைக்கும் கேட்டது. அம்மா வாசலிலேயே நின்று கேட்டாள். பிறகு உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் வந்தது.

நான் துப்பட்டாவைக் கொடியில் செருகினேன். சரியாகச் செருகவில்லை போலிருக்கிறது. காற்றில் ஒரு முனை நழுவித் தரையைத் தொடப் போனது.

அம்மா பாலிதீன் பையோடு வந்தாள். துப்பட்டாவை இழுத்து நேராக்கினாள். பைக்குள் கையைவிட்டு, அப்பாவின் சட்டைப் பையில் இருந்த நீலக் கிளிப்பை எடுத்து, அதில் போட்டாள்.